இசைவுக்கு என்ன அர்த்தம்

பிப்ரவரி 6, செவ்வாய்

உளுந்து மண்டியில் இனாமாகக் கொடுத்த டைரி இது. மாவு ஆர்டர் எழுதத்தான் வைத்திருந்தேன். ரபியா வீட்டுக்கு இரண்டு பாக்கெட், டெய்லர் லூர்து வீட்டுக்கு ஒன்று, மெஸ்ஸுக்கு எட்டு என்று எழுதிய பிறகும் இன்று பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. சொல்லவும் விஷயம் இருக்கிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் இருக்கட்டும், படிக்கப் போவதும் நான்தானே.

காலையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் வந்தார்கள். வாசலில் மூன்று கால் வைத்த கருவி ஒன்றை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் பார்த்தார்கள்.

"போட்டோவா கண்ணு? இரு, மூஞ்சியில ஒட்டுன மாவக் கழுவீட்டு வந்தர்றேன்" என்றேன்.

சின்னவன் சிரித்தான். பெரியவன் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் புகுந்து பின்சுவர் வரைக்கும் போய், அதில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு நம்பர் எழுதினான்.

"ரயில்வே கேட்டுக்கு மேல பாலம் வருதும்மா. இந்தக் கோட்டுக்கு முன்னால இருக்கறது பூராவும் ரோட்டுக்கு."

"முன்னால நாந்தானே நிக்கறேன். நானுமா?"

அதற்கு அவனும் சிரித்துவிட்டான். உர்ரென்று இருந்தவனைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகுதான் அவன் சொன்னது காதில் ஏறியது. பின்சுவருக்கு முன்னால் இருப்பது என்றால் எங்கள் வீடு முழுவதும்.

ரோட்டைப் பார்த்து வரிசையாகப் பதினோரு வீடு. பதினொன்றிலும் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முனையில் இருக்கும் முதல் வீடு எங்களுடையது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கும் மில்லின் மதில். அங்கே ஒரு கோடும் இல்லை. அந்த மில்லில்தான் என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தார்.

பிப்ரவரி 7, புதன்

கோட்டின் மேல் சாணி அப்பிப் பார்த்தேன். காய்ந்து விழுந்துவிட்டது. கோடு அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

பிள்ளையார் கோயிலில் கூட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். லூர்து, "நான் தூக்குல தொங்குவேன்" என்றான். "உன்ர ஒடம்புக்கு அளவெடுத்துக் கயிறு தைக்கோணும், நாளாகும்" என்றேன். கொஞ்சம் சிரித்து, கொஞ்சம் அடங்கினார்கள்.

அப்புறம் என் கொழுந்தன் சென்னியப்பன் எழுந்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. பத்திரம் எழுதுகிற ஆபீசில் வேலை. சர்க்கார் காகிதம் எதுவானாலும் தெருவே அவனிடம்தான் போகும். அவன் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால், சந்துக்குள் இருக்கிறது. மாமனார் இடத்தைப் பங்கு வைத்தபோது சீட்டுக் குலுக்கினார்கள். முன்பக்கம் எங்களுக்கு விழுந்தது, பின்பக்கம் அவனுக்கு. அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனுக்கு நான் வைத்த பேர் பொடக்காளி ஜமீன். வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தை நாங்கள் பொடக்காளி என்போம். கொழுந்தனைக் கேலி பேசாமல் வேறு யாரைப் பேசுவது.

"ஜமீன் பேசறாரு, எல்லாரும் கையத் தட்டுங்க" என்றேன். தட்டினார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வேட்டி நுனியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டான்.

நன்றாகத்தான் பேசினான். எதிர்ப் பக்கம் மில் இடம் சும்மா கிடக்கிறது, மதிலை இடித்து ரோட்டை அந்தப் பக்கம் தள்ளச் சொல்லிக் கேட்கலாம், எல்லாரும் ஒரே பேச்சாக நிற்க வேண்டும், காகித வேலையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவன் வீட்டுச் சுவரில் கோடே இல்லை. இருந்தும் நமக்காக நிற்கிறானே என்று ரபியா கண்ணைத் துடைத்தாள்.

மரகதம் டீச்சர் இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பார். ஐந்தாவது வீடு அவருடையது. மகள் பிரசவத்துக்குப் போனவர் இன்னும் வரவில்லை. அவர் இல்லாதது எனக்குக் கொஞ்சம் நிம்மதியும்கூட. மாவு பாக்கெட்டில் நான் எழுதி ஒட்டுகிற தேதியில்கூடப் பிழை கண்டுபிடிப்பார்.

பிப்ரவரி 14, புதன்

தபால்காரர் ஆளுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னுங் எழுதியிருக்கு?"

"எடுத்துக்கறானாம்."

"நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"என்னத்தச் சொல்றது மயிலா. ரெண்டு தோசை போடு."

போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்ததிலிருந்து இப்படித்தான், வார்த்தையை எண்ணி எண்ணி விடுகிறார். அப்போது நான் பகலில் மாவு வேலை பார்த்துவிட்டுப் போவேன், மற்ற நேரமெல்லாம் சென்னிதான் கூட இருந்தான். அண்ணனும் தம்பியும் அந்தப் பத்து நாளில் பேசியது முப்பது வருஷத்தில் பேசியிருக்க மாட்டார்கள். என்னத்தைத்தான் பேசினார்களோ. நான் போனால் வாயை மூடிக்கொள்வார்கள். "ரெண்டு பேரும் எனக்குப் புதுச் சக்களத்தி பாக்கறீங்களா" என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

சென்னி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். அச்சடித்த படிவம். வீட்டுக்கு ஒன்று.

"நங்கை, நீங்க சொன்னாத்தான் இந்தத் தெரு கேக்கும். எல்லார்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்தர்றீங்களா?"

அண்ணன் பெண்டாட்டி என்ற மரியாதைக்கு என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவான். நான் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். மேலே பெரிய எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். இ, சை, வு. இசைவு. கீழே எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்து.

"அதென்ன சென்னி, இசைவு? பாட்டுக் கச்சேரியா? மேளக்காரனக் கூட்டியாந்து ஆபீசரு முன்னால ஊதப் போறமா?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தைத்தான் பார்த்தான்.

"கச்சேரியில எல்லா வாத்தியமும் ஒண்ணா இசைஞ்சு போகுதில்லீங்? அப்பிடித்தானுங். தெருவுல எல்லாரும் ஒண்ணா இருக்கறோம்னு எழுதிக் குடுக்கறது."

எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. சர்க்காரில் இவ்வளவு அழகான வார்த்தையெல்லாம் வைத்திருக்கிறார்களா. ரசத்துக்குப் பெருங்காயம் போடும்போதுகூட இசைவு, இசைவு என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

பிப்ரவரி 21, புதன்

ஒன்பது வீடு முடிந்தது. ஒன்றரை நாள்.

ரபியா, "படிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள். "படிக்காமயா கொண்டாருவேன், இசைவுப் படிவம், நாம எல்லாரும் ஒண்ணா இசைஞ்சிருக்கறோம்னு அர்த்தம்" என்று டீச்சர் மாதிரி விளக்கினேன். அவள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட வைத்தாள்.

லூர்துவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. "எங்க போடோணும்னு வெரல வையுங்கக்கா" என்றான். விரலை வைத்தேன். "பாத்து லூர்து, எம் மேல போட்றாத, அப்பறம் என்னைய நீதான் வெச்சுச் சோறு போடோணும்" என்றேன். அவன் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து கரண்டியைக் காட்டினாள்.

கடைசி வீட்டுக் கிழவர் மட்டும் கேள்வி கேட்டார். எதிர்ப்பு மனுவா இது என்றார். "ஆமாங்கய்யா, எதிர்ப்புத்தான்" என்றேன். நானாகத்தான் சொன்னேன். சென்னி அப்படிச் சொல்லவில்லை என்பது எழுதும்போதுதான் தோன்றுகிறது. ஆனால் வேறு என்னவாக இருக்கும்.

பிப்ரவரி 23, வெள்ளி

எங்கள் வீட்டுப் படிவம் மட்டும் பாக்கி. பட்டா வீட்டுக்காரர் பேரில் இருப்பதால் அவர்தான் போட வேண்டும். வாங்கிக்கொண்டு போய் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பெண் ஜாதகத்தைக்கூட யாரும் இப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"பொருத்தம் எப்படிங்? பத்துக்கு எத்தன?" என்றேன்.

போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுக்கும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை. வயதான காலத்தில் இதென்ன என்று கூச்சமாகப் போய்விட்டது.

மார்ச் 3, ஞாயிறு

சென்னி வீட்டுக்கு இரும்பு ஷட்டர் வந்து இறங்கியிருக்கிறது. கடைக்குப் போடுவது மாதிரி, மேலே சுருட்டுவது. சந்துக்குள் ஒரு சைக்கிள் போனால் இன்னொரு சைக்கிள் சுவரேற வேண்டும். அதில் ஷட்டர்.

"ஜமீன் கடை தொறக்கறாராமா? கரப்பான்பூச்சி எல்லாம் பை எடுத்துட்டு வருமா?" என்று அவன் பெண்டாட்டி கலாமணியிடம் கேட்டேன்.

"வண்டி விடறதுக்குங்" என்றாள். அவர்களிடம் ஒரு மொபட்தான் இருக்கிறது.

மொபட்டுக்கு அவ்வளவு மரியாதை.

மார்ச் 12, செவ்வாய்

டீச்சர் வந்துவிட்டார். மாவு கொடுக்கப் போனபோது அவருடைய படிவத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். மற்ற பத்தையும் சென்னி போன மாதமே ஆபீசில் கொடுத்துவிட்டான், அது மட்டும் என்னிடமே இருந்தது.

"பத்து வீடு போட்டாச்சுங் டீச்சர். நீங்க போட்டாக் கச்சேரி ஆரம்பிச்சுக்கலாம்."

படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மயிலாத்தாள், இதக் குடுத்துத்தான் கையெழுத்து வாங்கினியா?"

"ஆமாங். இசைவு."

"இசைவுன்னா என்னன்னு நெனச்ச?"

சென்னி சொன்னதைச் சொன்னேன். வாத்தியம், கச்சேரி எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவர் வீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"இசைவுன்னாச் சம்மதம். எங்க வீட்ட நாங்களே பேசிக் குடுத்தர்றோம், எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கு. இது கையில இருந்தா அவங்க மில் பக்கம் திரும்பிப் பாக்கவே வேண்டியதில்ல."

அந்தப் பொடி எழுத்தில் விரலை வைத்து வரிவரியாகக் காட்டினார். எல்லா எழுத்தும் எனக்குத் தெரிந்த எழுத்துத்தான்.

மார்ச் 13, புதன்

இன்று மாவு அரைக்கவில்லை.

மார்ச் 14, வியாழன்

சென்னி வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றேன்.

"சம்மதம்னு ஒரு வார்த்தை இருக்கறது ஒனக்குத் தெரியாதா சென்னி? எனக்குப் புரிஞ்சு போயிருமே அது."

கையைக் கழுவிக்கொண்டே, "ஆபீசுல இருக்கற வார்த்தை அதானுங். நான் எழுதல" என்றான்.

"அர்த்தம் நீதானே சொன்ன."

ஷட்டர் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. எங்கள் வீடு போய்விட்டால் அந்த ஷட்டருக்கு நேர் எதிரே மெயின் ரோடு. பத்து நாளாக என் கண் முன்னால் நின்ற இரும்பு. அதை வைத்து நான் கேலியும் பேசியிருக்கிறேன்.

"கடைக்காகவா?" என்று கேட்டேன்.

"கடைக்காகன்னே வெச்சுக்குங்க." கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி நின்றான். "முப்பது வருஷமா பொடக்காளி ஜமீன், பொடக்காளி ஜமீன். என்ர கல்யாணத்தன்னைக்கு மாமனாரு முன்னால கூப்புட்டீங்க. அந்த மனுசன் சாகற வரைக்கும் என்னைய மாப்பிள்ளைன்னு கூப்புடல. ஜமீன்னுதான் கூப்புட்டாரு. என்ர பையனுக்குப் பொண்ணு பாக்கப் போனா அங்கயும் ஒருத்தன், ஓ, அந்தப் பொடக்காளி ஊடான்னு கேக்கறான்."

"வெளையாட்டுக்குச் சொன்னது."

"நானும் சிரிச்சனே. சிரிச்சதப் பாத்தீங்கல்ல."

அவன் கல்யாணத்தில் நான் அப்படிக் கூப்பிட்டது எனக்கு நினைவில்லை. எல்லாரும் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்காகப் பத்துக் குடும்பத்தையா என்று கேட்டேன். என் ஒருத்தி வீட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே. "ஒரு ஊட்ட மட்டும் எடுக்கச் சொன்னா எடுப்பாங்களா" என்றான். இவன் கேட்டே பார்த்திருக்கிறான் போல.

மார்ச் 17, ஞாயிறு

வெள்ளிக்கிழமை டீச்சர் ரத்து மனு எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு அர்த்தம் தெரியாமல் வாங்கிய சம்மதம், அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று. வரும் 25ஆம் தேதி விசாரணைக்கு ஆபீசர் வருகிறார். அதற்குள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். "நானே போய் வாங்கறேன்" என்று டீச்சர் சொன்னார். வேண்டாம், நான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ.

முதலில் லூர்து. விஷயத்தைச் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நீங்க படிச்சுட்டுத்தான் குடுத்தீங்கன்னு நெனச்சனே."

"படிச்சன் லூர்து. எழுத்தப் படிச்சன்."

"கண்ணாடி இல்லாமப் போட்டேன். நீங்க வெரல வெச்ச எடத்துல போட்டேன்."

ஏதாவது ஒரு கேலி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவன் இந்தத் தடவை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தான். படித்து முடிக்கும் வரை நான் வாசலில் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

ரபியா கதவைப் பாதிதான் திறந்தாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு, "மகன் வேலையிலிருந்து வந்து பாக்கட்டும்" என்று மூடிக்கொண்டாள். பொழுது சாய்ந்ததும் அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்து கிரைண்டர் மேல் வைத்துவிட்டுப் போனார். கையெழுத்து இருந்தது.

கடைசி வீட்டுக் கிழவர் மட்டும், "உங்ககூட உங்க கொழுந்தனுக்கும் பங்கா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான். அவன் ஆளாகத்தானே நான் போய் நின்றேன்.

ஒன்பது வீடு. முன்பு ஒன்றரை நாள் ஆயிற்று. இப்போது மூன்று நாள்.

மார்ச் 18, திங்கள்

எங்கள் வீட்டு மனுவை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"உங்குளுக்கு அன்னைக்கே அர்த்தம் தெரியுமாங்?"

மில்லில் சங்கத்துக் காகிதமெல்லாம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். தெரியாமல் இருக்குமா. இருபத்து மூன்றாம் தேதியே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"தெரியும்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பா சீட்டுக் குலுக்குனப்ப ரெண்டு சீட்டுலயும் முன்பக்கம்னுதான் எழுதியிருந்துச்சு. பெரியவன் மொதல்ல எடுன்னாரு. நான் எடுத்தேன். முன்பக்கம்னு வந்ததும், இன்னொண்ணப் பிரிக்காமயே கசக்கிப் போட்டுட்டாரு. எதுக்குப் பிரிக்கோணும், அவனுக்குப் பின்பக்கம்னுதானே ஆவுதுன்னாரு."

"உங்குளுக்கு எப்பத் தெரியும்?"

"எழுதறப்பவே பக்கத்துலதான் இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் தம்பியிடம் சொல்லிவிட்டாராம். செத்துப் போவோமோ என்ற பயத்தில். முப்பது வருஷம் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிற்றாம்.

"இறங்குன பாரம் எங்க போச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். இதுவும் கேலி மாதிரித்தான் வந்தது. ஆனால் கேலி இல்லை.

"சென்னி கேட்டான் மயிலா. நான் இல்லைன்னு எப்படிச் சொல்றது."

"தம்பிக்கு நாயம் செய்யறதுன்னா எங்கிட்ட வந்து சொல்லீருக்கலாமே. என்ர கையால தெருவையே வித்துட்டு வரச் சொல்லியா அனுப்புவீங்க? நான் சிரிச்சுக்கிட்டுப் போனதப் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க."

மனு அவர் முன்னால் தரையில் கிடந்தது. ஃபேன் காற்றில் நகர்ந்து நகர்ந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேருமே எடுக்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

பள்ளிக்கூட ஹாலில் விசாரணை. ஆபீசர் ஒரு அம்மா, என்னைவிடச் சின்னவர். டீச்சர் எழுந்து மில் இடத்தைப் பற்றி வரைபடத்தோடு பேசினார். அப்புறம் ஒன்பது வீட்டுக்காரர்களும் ரத்து மனுவைக் கொடுத்தார்கள்.

"கையெழுத்து உங்களோடதுதானே? தெரியாமப் போட்டோம்னா எப்படி?" என்று ஆபீசரம்மா கேட்டார்.

நான் எழுந்தேன்.

"அத்தன கையெழுத்தும் வாங்குனது நானுங். இசைவுன்னாச் சம்மதம்னு எனக்குத் தெரியாதுங். ஒத்துமையா இருக்கறதுன்னு சொல்லித்தான் வாங்குனனுங். அவங்க என்னைய நம்பிப் போட்டாங்க."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியுமுங். அதுதான் தப்பாப் போச்சுங்."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் சொன்னதற்கு ஒருத்தர் சிரித்து எனக்கு எரிந்தது.

யார் அர்த்தம் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். சென்னி பின்வரிசையில் இருந்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. ஆபீசரம்மா எழுதிக்கொண்டார்.

"உங்க வீட்டு மனு எங்கே?"

"இவரு பேருல இருக்குதுங். இவருதான் சொல்லோணும்."

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முப்பது வருஷமாக அவர் கண்ணைப் பார்த்தே காபியா, வெந்நீரா என்று கண்டுபிடித்துவிடுவேன். இதையும் கண்டுபிடித்துவிட்டேன், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"எங்க ஊட்டக் குடுக்கறதுக்கு எனக்குச் சம்மதமுங். தெரிஞ்சேதான் போட்டேன்."

ஏப்ரல் 4, வியாழன்

முடிவு வந்துவிட்டது. ரோடு மில் பக்கம் போகிறது. பத்து வீடும் தப்பித்தது. பாலத்தில் இறங்கி வருகிற வண்டி திரும்புவதற்கு முனையில் மட்டும் இடம் வேண்டுமாம். முனை வீட்டுக்காரர் தானே சம்மதித்திருப்பதால் அதில் சிக்கல் இல்லையாம்.

தெருவில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். லூர்து ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தான். என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"குடு லூர்து. ஒளிக்கறதுக்கு உன்ர முதுகு பத்தாது" என்றேன். அவன் அழுதுவிட்டான். நான் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

"சென்னி மாடியில ரூம் கட்டித் தர்றங்கறான். நாம அங்க இருந்துக்கலாம்" என்றார்.

"நீங்க இருந்துக்குங்க" என்றேன்.

டீச்சர் வீட்டுச் சைடில் ஒரு அறை காலியாக இருக்கிறது. கிரைண்டர் நுழையுமா என்று கதவை அளந்துவிட்டு வந்தேன். நுழையும். ஒரு கட்டிலும் நுழையும். ஒரு ஆள் படுக்கிற கட்டில்.

ஏப்ரல் 22, திங்கள்

ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீட்டுக்காரர் போட்டார். அதற்குக் கீழே சாட்சி ஒருத்தர் வேண்டுமாம்.

"நீங்களே போட்டுருங்கம்மா, வீட்டுல இருக்கறவங்கதானே" என்று பேனாவை நீட்டினார் ஒருத்தர்.

இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ கையெழுத்து இந்த வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒன்றுகூட என்னுடையது இல்லை. என் கையெழுத்தை யாரும் கேட்டதும் இல்லை.

"படிச்சுட்டுப் போடறனுங்" என்றேன்.

நாலு பக்கம். வாசற்படியில் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். சத்தமாகவே படித்தேன். அவர்கள் வெயிலில் நின்றார்கள்.

"ஒப்படைப்புன்னா என்னுங்?"

"கையில குடுக்கறதும்மா."

"ஈடுன்னா?"

"எடத்துக்குப் பதிலா வர்றதும்மா."

"தன்னிச்சையாகன்னா?"

அவர் தொண்டையைச் செருமினார். "யாரும் கட்டாயப்படுத்தாம, தானா."

"யாரு தானா?"

"உங்க வீட்டுக்காரரு."

"சரிங்."

வீட்டுக்காரர் நின்றுகொண்டே இருந்தார். ஒருதடவை, "மயிலா, நேரமாவுது" என்றார். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்குதுங்" என்றேன். புரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் விரலை வைத்து நிறுத்தினேன். அவர்கள் சொன்ன அர்த்தம் அந்த வரிக்குப் பொருந்துகிறதா என்று திரும்ப ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசி வரியில் சாட்சி என்று எழுதி, பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு இருந்தது.

"எல்லாம் புரிஞ்சுதாம்மா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்" என்று காகிதத்தை மடிக்காமல் அவர் கையில் கொடுத்தேன். "அதனாலதான் போடலீங்."

வேறு சாட்சி தேடிப் போனார்கள். அதிக தூரம் போகவில்லை. பின்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.